பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனவடு நோய்

உயிராபத்து, படுகாயம், பாலியல் வன்முறை போன்ற கொடுமைக்கு ஆளானவரிடமோ அதை நேரில் கண்டவரிடமோ தோன்றி, ஒரு மாதத்துக்கு மேலும் நீடித்து, தொழிலையும் உறவுகளையும் முடக்கும் உளநோய் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனவடு நோய் எனப்படுகிறது. சுருக்கமாகப் பி.டி.எஸ்.டி. என்றும், தமிழ்நாட்டில் 'அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு' என்றும் இதனைக் குறிப்பிடுவர். 'மனவடு' என்பது இலங்கைத் தமிழ் மருத்துவ எழுத்தில் நிலைபெற்ற சொல். வடு என்பது புண் ஆறிய பின் எஞ்சும் தழும்பு. இந்நோயிலோ புண் இன்னும் ஆறாதிருப்பதால் சொல் முழுமையாகப் பொருந்தவில்லையெனினும், அதற்கு ஈடான சுருக்கமான சொல் வேறில்லை.

முதல் உலகப்போரில் நடுக்கமும் பேச்சிழப்பும் கண்ட வீரர்களைப் பற்றி எழுதிய பிரித்தானிய மருத்துவர் சார்லஸ் மயர்ஸ், 1915இல் 'ஷெல் ஷாக்' என்னும் பெயரை மருத்துவ இதழில் பயன்படுத்தினார். குண்டுவெடிப்பின் அதிர்வு மூளையைத் தாக்கியது என்றே முதலில் எண்ணப்பட்டது. வெடிப்புக்கு அருகில் இராதவர்களிடமும் இதே குறிகள் காணப்பட்டதால் அவ்விளக்கம் நிற்கவில்லை. கோழைத்தனம் என்ற பழிச்சொல் மட்டும் நெடுங்காலம் நின்றது. வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களும் அவர்களுக்குத் துணைநின்ற மருத்துவர்களும் வலியுறுத்தியதன் விளைவாக, அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடு 1980இல் இதனைத் தனி நோயாக ஏற்றுக்கொண்டது.

நோயின் தனி அடையாளம் நினைவின் அத்துமீறலே. சாதாரண நினைவு, நினைப்பவர் அழைக்க வருவது. இந்நோயில் அது அழையாமலே புகுந்து, டீசல் வாடையோ பட்டாசுச் சத்தமோ எட்டிய அளவில் பழைய நிகழ்வை மீண்டும் கண்முன் நடப்பதாகவே உணரச் செய்கிறது. இதனை 'மீள்காட்சி' என்பர். கெட்ட கனவுகளும் இவ்வகையினவே. நினைவூட்டும் தெரு, மனிதர், பேச்சு ஆகியவற்றை நோயாளி தவிர்த்து வரும்போது அச்சம் தற்காலிகமாகத் தணிவதால் தவிர்ப்பு பழக்கமாகி, அதுவே நோயை நீட்டித்துவிடுகிறது. இவற்றோடு, நிகழ்ந்ததற்குத் தானே காரணம் என்ற குற்றவுணர்வும், அன்புக்குரியவரிடத்திலும் மனம் மரத்துப்போதலும், உறக்கமின்மை, எரிச்சல், சிறு ஓசைக்கும் திடுக்கிடுதல் ஆகிய விழிப்பு மிகுதியும் சேரும். குழந்தைகள் நிகழ்வை வாயால் சொல்லாமல் விளையாட்டில் திரும்பத் திரும்ப நடித்துக் காட்டுவதுண்டு. தமிழ் மக்களிடையே நோய் பெரும்பாலும் நெஞ்சுப் படபடப்பு, தலையிடி, உடலெரிவு என உடல்வழியே பேசுவதால், இதனைப் பொது மருத்துவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

ஆபத்தை உணர்த்தும் அமிக்டலா என்னும் மூளைப்பகுதி மிகையாகத் தூண்டப்படுவதும், நிகழ்வுக்குக் காலமும் இடமும் குறிக்கும் ஹிப்போகாம்பஸும் அச்சத்தை அடக்கும் முன்மூளைப் புறணியும் தம் வேலையைச் சரிவரச் செய்யாமையும் இதற்கு அடிப்படை எனக் கருதப்படுகிறது.

உலக நலவாழ்வு அமைப்பின் மதிப்பீட்டின்படி, வாழ்நாளில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் பேரதிர்ச்சி தரத்தக்க நிகழ்வொன்றைச் சந்திக்கின்றனர்; அவர்களுள் நோய்க்கு ஆளாவோர் 5.6 விழுக்காட்டினரே. ஆயினும் போரும் பாலியல் வன்முறையும் இவ்விகிதத்தைப் பெரிதும் உயர்த்துகின்றன. நீண்டகாலம் தப்ப வழியின்றித் துன்புறுத்தப்பட்டோரிடம் உணர்ச்சிக் கட்டுப்பாடும் தன்மதிப்பும் சிதைவதால், பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு அதனைச் சிக்கலான மனவடு எனத் தனித்துக் கூறுகிறது. வட இலங்கையில் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், போர் தனிமனிதரை மட்டுமன்றிக் குடும்பத்தையும் ஊரையும் அவற்றின் நம்பிக்கையையும் குலைக்கிறது என்பதைக் 'கூட்டு மனவடு' என்ற கருத்தால் விளக்கினார். நோயாளியை மட்டும் தனியே அழைத்துக் குணப்படுத்தும் முறைக்கு இது ஒரு தகுந்த திருத்தம்.

சிகிச்சையில் முதலிடம் பெறுவது பேச்சுவழி மருத்துவமே. பயிற்சி பெற்ற உளவியலாளரின் துணையோடு, பாதுகாப்பான சூழலில், தவிர்த்துவந்த நினைவைப் படிப்படியாக எதிர்கொள்ளும் முறையும், கண்ணசைவோடு நினைவை மீளச் செயலாக்கும் முறையும் பயன்தருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. செர்ட்ராலின், பராக்சிடின் ஆகிய மருந்துகளும் வழங்கப்படுகின்றன. நிகழ்வு நடந்த உடனேயே அனைவரையும் உட்காரவைத்து நடந்ததை விவரிக்கச் சொல்லும் முறை நோயைத் தடுக்காததோடு சிலருக்குத் தீங்காகவும் முடியலாம் என்பதால் கைவிடப்பட்டது. பாதுகாப்பு, உணவு, உறவினரைக் கண்டறிந்து சேர்த்தல் ஆகியனவே முதல் நாட்களின் உதவியாகப் பரிந்துரைக்கப்படுகின்றன.