வரி ஏட்டில் ஏறாத நிலம்: கொங்குப் புழக்கடையும் அதன் செடிகளும்

கொங்கு நாட்டில் 'தோட்டம்' என்ற சொல்லுக்கு வீட்டைச் சுற்றிக் காயும் கனியும் பயிராகும் இடம் என்று பொருள் கொண்டால் பிழைபட நேரும். கிணற்று நீர் பாயும் விளைநிலமே அங்குத் தோட்டம். மழையை மட்டுமே நம்பியது காடு. வாய்க்கால் நீர் பாய்வது வயல். கோயம்புத்தூரிலிருந்து சத்தியமங்கலம் செல்லும் சாலையும் அவிநாசி - மேட்டுப்பாளையம் சாலையும் சந்திக்கும் அன்னூரில் ஒருவர் 'தோட்டத்துக்குப் போய்வருகிறேன்' என்றால், அவர் ஊரைத் தாண்டிப் போகிறார் என்றே பொருள். வீட்டின் பின்னாலுள்ள இடத்திற்குப் பெயர் வேறு. அது புழக்கடை, வட்டார வழக்கில் பொடக்காலி. அங்கே நிற்கும் வாழை, பப்பாளி, முருங்கை, கத்திரி, மிளகாய், அவரை ஆகியவற்றின் வரலாறே இங்கு நாம் ஆராய முற்படுவது.

இவ்வாராய்ச்சியில் முதற்கண் எதிர்ப்படும் இடர்ப்பாடு சான்றின்மை. அரசர்தம் பூங்காக்கள் பதிவு பெற்றன. ஹைதர் அலீ 1760இல் பெங்களூரில் தொடங்கிய லால்பாக், அவருக்குப் பின் திப்பு சுல்தான் அதற்கெனத் தொலைநாடுகளிலிருந்து வருவித்த செடிகள் ஆகியன குறித்து எழுதியோர் பலர். விளைநிலங்களும் பதிவு பெற்றன. திப்பு 1799இல் வீழ்ந்தபின், வெல்லெஸ்லியின் ஆணைப்படி 1800இல் மைசூர், கொங்கு, மலபார் நாடுகளைச் சுற்றி வந்த பிரான்சிஸ் புக்கானன், எருதுகள் தோல்பையால் நீரிறைக்கும் கவலையேற்றத்தையும் கிணற்றுத் தோட்டங்களையும் விரிவாகக் குறித்தார். அவரது நூல் 1807இல் வெளிவந்தது. 1887இல் கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டைத் தொகுத்த நிக்கல்சனும் கிணறுகளைப் பற்றிப் பல பக்கங்கள் எழுதினார். காரணம் வெளிப்படை. தோட்டத்திற்கு வரி உண்டு. எதற்கு வரி உண்டோ அது ஏட்டில் ஏறும். புழக்கடைக்கு வரியில்லை. அதன் விளைவு சந்தைக்கும் போகவில்லை, அடுப்பங்கரைக்கே போயிற்று. அதனைப் பேணியோர் பெண்கள். ஆகவே எழுதுகோல் பிடித்த அதிகாரி எவரும் வீட்டைச் சுற்றிக் கொண்டு பின்புறம் வரவில்லை.

ஆயினும் ஓர் ஆவணம் எஞ்சியுள்ளது. அது செடிகளின் பெயர்கள்.

பெயர்களுக்குள் புகுமுன் நீரைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். அன்னூர் வட்டாரம் மேற்கு மலைகளின் மழைமறைவில் கிடப்பது. பேராறு எதுவும் ஊரை ஒட்டி ஓடவில்லை. அவ்வூர் மன்னீசுவரர் கோயிலின் தலக்கதையே, கிழங்கு அகழ்ந்துண்ட வேடன் ஒருவனிடமிருந்து தொடங்குகிறது என்பது அம்மண்ணின் பழைய உணவு நிலையை ஓரளவு காட்டும் எனலாம். கிணற்றிலிருந்து தலையிலும் இடுப்பிலும் சுமந்து வந்த நீரைச் செடிக்கென்று தனியே ஊற்ற எவருக்கு மனம் வரும்? குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீருமே புழக்கடைக்குப் பாய்ந்தன. அரிசி கழுவிய நீர்கூட மாட்டுத் தாழிக்குத்தான் போகும்; மிஞ்சியதே செடிக்கு. பாத்திரம் துலக்கியது சாம்பலால். உடல் தேய்த்தது அரப்பாலும் சீயக்காயாலும். சாம்பலில் உள்ள சாம்பற்சத்து பூவுக்கும் காய்க்கும் உரம். எனவே குளியற்கல்லின் அருகில் வாழையும் அதற்கடுத்துப் பப்பாளியும், நீர் குறைவாக எட்டும் வேலியோரத்தில் முருங்கையும் நின்ற ஒழுங்கு தற்செயலன்று. ஒவ்வொரு செடியின் தாகத்தையும் அறிந்து வைத்த ஒழுங்கு அது. ஒளூச் செய்த நீரைத் தென்னைக்கும் வாழைக்கும் திருப்பிவிட்ட பள்ளிவாசல்களை நாமும் கண்டிருக்கிறோம். அதே அறிவின் மற்றொரு கிளை அது.

இனிப் பெயர்கள். கத்திரிக்காய் நம் மண்ணுக்கு உரியது. வழுதுணை என்பது அதன் பழந்தமிழ்ப் பெயர். வடமொழியில் வாதிங்கணம் என வழங்கிய பெயர் (இதுவே வழுதுணையோடு உறவுடையது எனக் கருதும் மொழியியலாளரும் உளர்) பாரசீகத்தில் பாதிங்கான் ஆகி, அரபியில் பாதின்ஜான் ஆயிற்று. அரபிகள் அதனை மேற்கே கொண்டு சென்றனர். ஸ்பானியர் பெரெங்ஹேனா என்றனர்; போர்த்துகீசியர் பெரின்ஜேலா என்றனர்; அரபியின் 'அல்' ஒட்டோடு சென்ற வடிவம் பிரெஞ்சில் ஓபர்ஜீன் ஆயிற்று. பின்னர்ப் போர்த்துகீசியர் கப்பலேறி அச்சொல் இந்தியாவுக்கே திரும்பி பிரிஞ்சால் என வழங்கலாயிற்று. இன்று அன்னூர்க் கடையில் வாங்கும் விதைப் பொட்டலத்தின்மேல் ஆங்கிலத்தில் அச்சிட்டிருப்பதும் அச்சொல்லே.

புளியின் கதை இதனினும் நேரானது. அரபிகள் அதனைத் தம்ர் ஹிந்தி, அதாவது இந்தியப் பேரீச்சை என்றனர். ஐரோப்பிய மொழிகள் அப்படியே ஏற்றுக்கொண்டன. நாரத்தையும் அவ்வாறே: நாரங்கம் என வடமொழிக்கும், நாரங்க் எனப் பாரசீகத்திற்கும், நாரஞ்ச் என அரபிக்கும் சென்று, ஆரஞ்சு என்ற பெயரில் ஆங்கிலேயரோடு நம்மிடம் திரும்பியது. இச்சொல்லின் வேர் திராவிடம் என்பதே பலர் கருத்து.

மேற்கே சென்ற செடிகளை அரபிகள் ஏட்டிலும் நட்டனர் என்பது நாம் பெருமிதத்தோடு நினைவுகூரத்தக்கது. பதினோராம் நூற்றாண்டில் துலைதுலாவில் (டொலேடோ) வாழ்ந்த இப்னு பஸ்ஸாலும், பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் இஷ்பீலியாவில் (செவில்) 'கிதாபுல் ஃபிலாஹா' எழுதிய இப்னுல் அவ்வாமும் இத்துறையில் தலையாயவர்கள். பின்னவர் 585 செடிவகைகளையும் ஐம்பதுக்கு மேற்பட்ட கனிமரங்களையும் பேசுகிறார். நடுதல், எருவிடுதல், ஒட்டுக்கட்டுதல், நீரளவு என்று வீட்டுத் தோட்டக்காரனுக்கு வேண்டியதெல்லாம் அதில் உண்டு. அந்தலுஸின் கத்திரிப் பாத்திக்கு எழுத்து வாய்த்தது. கொங்குப் புழக்கடையின் பாத்திக்கு வாய்க்கவில்லை. அறிவு இரண்டிடத்தும் இருந்தது.

வந்து சேர்ந்தவற்றுள் நம் கவனத்தை மிகவும் ஈர்ப்பது கொத்தவரை. வறண்ட மண்ணிலும் காய்க்கும் இச்செடியின் காட்டு வடிவம் இந்தியாவில் கண்டறியப்படவில்லை. அதன் நெருங்கிய உறவுச்செடி ஆப்பிரிக்காவில் வளர்கிறது. 1972இல் ஹைமோவிட்ஸ் என்னும் அறிஞர் ஒரு கருதுகோளை முன்வைத்தார். ஒன்பதாம் நூற்றாண்டு முதல் பதின்மூன்றாம் நூற்றாண்டு வரையிலான காலத்தில் அரபு வணிகர்கள் கடல்வழியே குதிரைகளைக் கொண்டுவந்தபோது அவற்றின் தீவனமாக அந்த ஆப்பிரிக்கச் செடி வந்து, இங்கே பயிராகித் திருந்தியிருக்கலாம் என்பது அது. இதை ஏற்காதாரும் உளர். எனினும் பாண்டியர்க்குக் குதிரைகள் காயல் துறையில் வந்திறங்கியதை மார்க்கோ போலோவும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபும் விரிவாக எழுதியுள்ளனர். கொங்கில் வாழும் இராவுத்தர் சமூகத்தின் பெயருக்கே குதிரைவீரர் என்பதுதான் பொருள். இவற்றை இணைத்து முடிவு கூற நாம் துணியோம், சான்று போதாது. கொத்தவரை வற்றல் வறுபடும்போது இவ்வினா நமக்கு நினைவுக்கு வருகிறது, அவ்வளவே.

பின்னர் அமெரிக்கச் செடிகள். 1340களில் மதுரை சுல்தானகத்தில் தங்கிச் சென்ற இப்னு பதூதா, இந்தியரின் ஊறுகாய்களைக் குறிக்கும்போது மாங்காயையும் பச்சை இஞ்சியையும் மிளகுக் கொத்தையும் கூறுகிறார். மிளகாய் இல்லை, இருக்கவும் முடியாது. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கிய பின்னரே அது நம் கரையை அடைந்தது. காரத்தில் மிளகை ஒத்த காய் என்று தமிழர் அதற்கு மிளகாய் எனப் பெயரிட்டனர். கொய்யா, 'கொயாபா' என்னும் போர்த்துகீசியச் சொல்லின் திரிபு. பப்பாளி பிலிப்பைன்ஸ், மலாக்கா வழியே இந்தியா வந்ததாக 1590களில் லின்ஸ்கோட்டன் எழுதினார். தக்காளிக்கோ பெயர் முன்பே இங்கிருந்தது. மணத்தக்காளி போன்ற சிறு பழச்செடிகளுக்குரிய அப்பெயரை வந்தேறிப் பழம் தனதாக்கிக் கொண்டது. இவற்றுள் பல, பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்குக் கரையிலிருந்து கொங்குக்கு ஏறியிருக்கக்கூடும்.

பரங்கிக்காய் தனித்துக் கூறத்தக்கது. அரபிகள் ஐரோப்பியரை இஃப்ரஞ்ச் என்றனர். அச்சொல் பாரசீகத்தின் வழியே தமிழில் பரங்கியர் ஆயிற்று. ஆக, அமெரிக்கக் காய் ஒன்று அரபியர் வழங்கிய ஐரோப்பியப் பெயரோடு தமிழ்ப் பந்தலில் ஏறியது. கொங்கிலோ அந்தப் பெயரும் உதிர்ந்துவிட்டது. அங்கு அது அரசாணிக்காய். மணப்பந்தலின் அரசாணிக்காலை நினைவூட்டும் பெயர். வந்த செடிக்கு இதனினும் முழுமையான குடியுரிமை வேறு எது?

இக்காலத்தில் 'நாட்டுக்காய்', 'அயல்காய்' என்று பிரித்து, முன்னதே தூயது என வாதிடுவோர் பெருகியுள்ளனர். கலப்பின விதையின் பிடியிலிருந்து விடுபடும் ஆவல் அதில் இருப்பின் நாம் உடன்படுகிறோம். ஆனால் பிறப்பிடம் பார்த்துப் பிரித்தால் புழக்கடையில் பாதி வெறுமையாகிவிடும். உண்மையான வேறுபாடு விதையை வீட்டில் எடுத்து வைக்க முடியுமா முடியாதா என்பதே. சைதாப்பேட்டையிலிருந்து 1906இல் கோவைக்கு மாறிய வேளாண் கல்லூரி 1971இல் பல்கலைக்கழகமாயிற்று. அது வெளியிட்ட 'கோ' வரிசைப் பப்பாளியும் கத்திரியும் பல புழக்கடைகளில் வேரூன்றின. அவற்றுள் தெரிவு இரகங்களின் விதையைத் தக்க முறையில் எடுத்து மீண்டும் விதைக்கலாம். வீரிய ஒட்டு இரகங்களின் விதையோ மறுமுறை தாயைப்போல் பிறப்பதில்லை. ஒவ்வோர் ஆடிப்பட்டத்திற்கும் கடைக்கே செல்ல வேண்டும்.

நீரும் மாறிவிட்டது. அரை நூற்றாண்டுக்கு மேல் கோரப்பட்டு வந்த அத்திக்கடவு - அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்டது. பவானி ஆற்றின் ஒன்றரை டி.எம்.சி. உபரி நீரை 1,045 குளம் குட்டைகளுக்கு இறைத்து நிரப்புவது அதன் இலக்கு. அன்னூர்ப் பகுதியும் அதனுள் அடங்கும். குளம் நிறைந்தால் கிணறு ஊறும், தோட்டம் பிழைக்கும். புழக்கடையின் சிக்கல் வேறு. இப்போது பாத்திர நீரிலும் துவைத்த நீரிலும் சலவைத்தூளின் உப்பு கலந்துள்ளது. நாள்பட அது மண்ணை இறுகச் செய்யும். அந்நீரும் சிமெண்டுக் குழாய் வழியே சாக்கடைக்குச் சென்றுவிடுகிறது. சிறு மனையில் கட்டிய வீட்டின் பின்புறத்தைக் கழிவுத்தொட்டி பிடித்துக்கொண்டது. எஞ்சிய செடிகள் மாடிக்கு ஏறி, தென்னைநார்க் கழிவு நிரப்பிய பைகளில் நிற்கின்றன; அரசே 2013இல் சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டத் தளைகளை மானிய விலையில் வழங்கத் தொடங்கியது.

முன்பு அரசாணி விதையைச் சாணத்தில் பதித்து, வரட்டியாகத் தட்டிச் சுவரில் ஒட்டிவைப்பர். பூச்சி அண்டாது, மழை வந்ததும் வரட்டியோடு எடுத்துக் குழியிலிட்டால் விதையும் எருவும் ஒருங்கே மண்ணுக்குப் போகும். வண்ணம் பூசிய இன்றைய சுவரில் அதை ஒட்ட எவரும் இசையார். அந்தப் பழைய வரட்டிகளில் எத்தனை வகை அரசாணி இருந்தன என்பதை எந்தக் கையேடும் எழுதிவைக்கவில்லை.