பழம்பண்ணையின் குடிவழி

நிலம் நிலைபெறுவது, அதனை ஆள்வார் மாறுவர். ஆதலின், பழைய பண்ணையொன்றைப் பொருள் கொடுத்துப் பெற்று அதன்கட் குடிபுகுவோர், வரப்பும் வாய்க்காலும் அறிந்த அளவில் அமையாது, தமக்கு முன் அதனை ஆண்ட குடியினரையும், அவர் அந்நிலத்தின்மேல் வைத்துச் சென்ற கடன்களையும் அறிதல் இன்றியமையாதது. அங்ஙனம் அறிதற்குரிய கருவிகள் நம் நாட்டிற் பலவுள.

அவற்றுள் முற்பட்டன கல்லும் செம்புமாம். 1905 ஆம் ஆண்டில் வெளிப்பட்ட திருவாலங்காட்டுச் செப்பேடுகள், முதலாம் இராசேந்திர சோழன் தனது ஆறாம் ஆட்சியாண்டிற் பழையனூரைத் திருவாலங்காட்டு இறைவர்க்கு உரியதாக்கிய செய்தியைக் கூறுவன. பிடியை நடத்தி எல்லை வகுத்த முறையும், நாற்றிசை எல்லைகளும் அவற்றுள் விரிவாகக் காணப்படும். பிற்காலத்தனவாவன: 1858 ஆம் ஆண்டிற் சென்னை மாகாணத்தில் நிறுவப்பெற்ற இனாம் கமிஷனார் ஆராய்ந்து எழுதிய பதிவேடுகள், செட்டில்மெண்டுக் கணக்கு, கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று என்பன. 1980 ஆம் ஆண்டிற் கணக்கப்பிள்ளைப் பதவி ஒழிந்தபின், ஊர்க்கணக்கை வாயாற் சொல்லவல்லார் அருகினர். எனினும், ஏடுகள் கூறாதவற்றை வயற்பெயர்கள் கூறும். அதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருவாம்.

யான் ஓய்வு பெற்றபின் வாங்கிக் குடிபுகுந்த பண்ணை காவிரிப் பாய்ச்சலில் உள்ளது. ஒரு வேலி, அஃதாவது இருபது மா, கொண்டது. அதன் வடகீழ் மூலையிலுள்ள மூன்று மாவினை உழுவோர் ‘விளாப்பறம்’ என்பர். விளாமரம் நின்ற இடமென்று அயலார் உரைத்தனர். ‘பறம்’ என்னும் ஈற்றுக்கு அவ்வுரை பொருந்தாமையின், பழைய பத்திரங்களை முறையே நோக்கலாயினேன். மூன்று தலைமுறை ஒரே குடியினர் அதனை ஆண்டமையும், அக்குடியில் எஞ்சிய கைம்பெண்ணொருவர் கடன் தீர்த்தற்பொருட்டு அதனை விற்றமையும் புலனாயின. அவ்வம்மையார் எழுதிக்கொடுத்த பத்திரத்தில் அம்மூன்று மா ‘திருவிளக்குப்புறம்’ எனப்பட்டது. அதன் விளைவிலிருந்து ஊர்ச் சிவாலயத்துச் சந்திவிளக்கிற்கு எண்ணெய் அளத்தல் வாங்குவோர் கடன் என்றும் அதிற் கண்டது. அடுத்த பத்திரத்தில் அவ்வாசகம் இல்லை. ஒரு வரி விடுபட்டது. ஒரு விளக்கு அவிந்தது.

ஈண்டு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. ஆண்டவர் பெயரையெல்லாம் எழுதிய ஏடுகள் உழுதவர் பெயரை எழுதாதொழிந்தன. ஆயினும், ஏடு மறந்த அறத்தைத் தம் நாவிற் காத்தவர் அவ்வுழவரே. சொல் சிதைந்ததாயினும் பொருளுக்கு வழிகாட்டிற்று.

இனி, ‘பின்னைப் பத்திரத்திற் காணாத கடன் பின்வந்தாரைப் பற்றுமோ?’ எனின், சட்டத்தின் வழி அதனை ஆராய்வார் ஆராய்க. நம் முன்னோர் கொண்ட நெறி வேறு. நந்தாவிளக்கு ஒன்றிற்குத் தொண்ணூற்றாறு ஆடுகள் விட்டமையைச் சோழர் கல்வெட்டுக்கள் பலவிடத்துக் கூறும். அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்பர். ஆடு இறக்கும், மேய்ப்பார் மாறுவர், எண்மட்டும் குறைதலாகாது என்பது கருத்து. அறம் ஏற்ற பொருளும் அத்தகையதே. கைம்மாறுந்தோறும் அறம் மாய்வதன்று. செல்வமெல்லாம் தொலைந்தபின்னும் கூலிக்குச் செக்காடி விளக்கெரித்த கலியநாயனாரையும், சொற்பிழையாமைப் பொருட்டு உயிர்விட்ட பழையனூர் வேளாளரையும் போற்றும் நமக்கு இதனின் மிக்க சான்று வேண்டுமோ? அம்மூன்று மாவின் விளைவிலிருந்து இப்பொழுது எண்ணெய் அளக்கப்பெற்று வருகின்றது.

ஆதலின், பழநிலம் உடைய அன்பர்கள் தத்தம் பத்திரங்களைத் தொடக்கமுதல் ஒப்புநோக்குக. உழுவோர் வழங்கும் வயற்பெயர்களை, வழுவென்று தள்ளாது, கேட்டவாறே எழுதிவைக்க. அவிந்த விளக்குக்கள் இன்னும் எத்துணையோ?