கதவும் கீலும்



வைகறைப் பொழுதில் அடுக்களையிலிருந்து எழும் ஓசைகள் பல. குழாயில் நீர் விழுவதும், டவராவும் தம்ளரும் ஒன்றோடொன்று மோதுவதும், குக்கர் சீறுவதும் வீட்டாருக்குப் பழகிப் போனவை. அவற்றினிடையே அலமாரிக் கதவு 'படார்' என்று அறையும் ஓசை மட்டும் எவர்க்கும் பழகுவதில்லை. சுவரோடு சுவர் ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில் அவ்வோசை நம் வீட்டோடு நிற்பதுமில்லை. அண்டை வீட்டார் நம் மொழி அறியாதவராயினும் அவ்வோசையின் மொழியை நன்கு அறிவர். அண்மையில் அதனை மிக்க மரியாதையோடு நம்மிடம் எடுத்துரைத்தும் விட்டனர். ஆகவே, இருபது ஆண்டுகளுக்கு முன் பொருத்திய பழைய கீல்களை அகற்றி, ஓசையின்றி மெல்ல மூடும் புதிய கீல்களைப் பொருத்துவதென முடிவு செய்தோம். வேலை இரண்டு நாளில் முடிந்தது. அதையொட்டி எழுந்த ஆராய்ச்சி அத்துணை எளிதில் முடியவில்லை. அதன் பயனையே இன்று உங்கள் முன் வைக்கின்றோம்.

முதல் இடர்ப்பாடு சொல்லில் நேர்ந்தது. தில்லித் தச்சர் வந்தார். கதவை இருமுறை ஆட்டிப் பார்த்தார். "கப்ஸா போய்விட்டது" என்று இந்தியில் கூறினார். தமிழ்நாட்டிலிருந்து புதிதாய் வந்தவர் எவரேனும் அருகில் இருந்திருப்பின், அவர் யாரையோ பொய்யர் என்கிறார் என்றே எண்ணியிருப்பர். இந்தியில் கீலுக்குப் பெயரே அதுதான். பிடி, பற்று என்னும் பொருளுடைய அரபுச் சொல்லின் வழிவந்தது அது. அரசாங்கக் கோப்புகளில் அதே சொல் நிலத்தின் கைப்பற்றைக் குறிக்கும். மொழிபெயர்ப்பிலேயே காலம் கழிக்கும் நாம், கோப்பில் நாள்தோறும் காணும் சொல்லை அடுக்களையில் எதிர்கொண்டபோது சற்றே திகைத்தோம்.

மும்பையில் வாழும் தமிழர் இதே பொருளைப் 'பிஜாக்ரி' என்று கேட்டுக் கடையில் வாங்குவர். கேரளத்தில் வாழ்வோர் 'விஜாகிரி' என்பர். இவ்விரண்டும் போர்ச்சுகீசியரின் 'பிஸாக்ரா' என்னும் சொல்லின் திரிபுகளே. 1498-இல் கோழிக்கோட்டுக் கரையில் இறங்கி, 1510-இல் கோவாவைக் கைப்பற்றிய அம்மக்கள், மேற்குக் கரைத் தச்சருக்குப் பண்டத்தோடு பெயரையும் சேர்த்தே தந்தனர் போலும். தமிழில் நாம் வழங்கும் அலமாரி, ஜன்னல், சாவி, மேசை என்பனவும் அவர்கள் வழி வந்தவையே. எனினும் அலமாரிக்குப் பெயர் வாங்கிக் கொண்ட தமிழர் கீலுக்குப் பெயர் வாங்கிக் கொள்ளவில்லை. குடுமி, கீல் என இரண்டு சொற்களைக் கையில் வைத்திருந்தவர்க்கு மூன்றாவதன் தேவை யாது? கீல் என்பது உடம்பின் மூட்டுக்கும் பெயர். முழங்கால் நோவைக் கீல்வாதம் என்கின்றோம் அல்லவா? கன்னடத்தாரும் கீலு என்றே வழங்குவர். மார்கழிக் குளிரில் முனகும் கதவையும் முனகும் முதியவரையும் ஒருங்கே கண்டவர்க்கு இச்சொல்லின் பொருத்தம் விளங்கும்.

இவ்விரண்டனுள் குடுமியே கதவின் பழைய உறுப்பு. கதவுப் பலகையின் ஒரு விளிம்பில் மேலும் கீழும் முளை போல் நீண்டு நிற்பது அது. கீழ்க் குடுமி வாயிற்கல்லில் குடைந்த குழியில் அமரும். மேற்குடுமி நிலையின் துளையில் நுழையும். ஆணி வேண்டா, திருகு வேண்டா. கதவின் எடை முழுவதும் கல்லின் மேல் இறங்கிவிடுவதால், யானை நுழையும் கோபுர வாயிலுக்கும் இம்முறையே போதுமாயிற்று. நம் ஊர்க் கோயில்களின் பெருங்கதவுகள் இன்றும் இவ்வாறே சுழல்கின்றன. சிந்துவெளி நகரங்களின் வாயில்களிலும் இத்தகைய குழிக் கற்கள் கிடைத்துள்ளன. மெசப்பொட்டேமிய மன்னர்கள் அக்கல்லில் தம் பெயரையும் தாம் கோயில் எடுத்த செய்தியையும் பொறித்து வைத்தனர். கதவும் மரமும் மண்ணாய்ப் போயின. கதவு சுழன்ற கல் மட்டும் எஞ்சி, மன்னன் பெயரை நமக்குக் கூறுகின்றது. கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டில் அசீரியாவை ஆண்ட மூன்றாம் சல்மனேசரின் வாயிற்கதவுகள் பலாவத் என்னுமிடத்தில் 1878-இல் அகழ்ந்தெடுக்கப்பட்டன. ஒவ்வொரு கதவும் பெரிய மரத்தூண் ஒன்றின்மேல் சுழன்றது. மன்னனின் படையெடுப்புகளைச் சித்திரித்த வெண்கலப் பட்டைகள் அத்தூணையும் தழுவிச் சென்றன.

தமிழில் நெடுநல்வாடை அரண்மனை வாயில் ஒன்றை நம் கண்முன் நிறுத்துகின்றது. இரும்பால் பிணித்துச் செவ்வரக்குப் பூசிய இரட்டைக் கதவும், வெண்சிறு கடுகும் நெய்யும் அப்பிய நிலையும் அங்கே கூறப்படுகின்றன. அந்நெய் தெய்வத்தை வேண்டிப் பூசியது. கதவின் முனகலை அடக்கப் பூசியதன்று. ஆயினும், கதவு முனகும்போதெல்லாம் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விடும் நம் இல்லத்தாரைக் காணுந்தோறும் அவ்வரண்மனை நமக்கு நினைவில் எழாமலில்லை.

பெருங்கதவுக்கு ஏற்ற குடுமி சிறு பெட்டிக்கு ஏற்றதன்று. பெட்டிக்கும் பேழைக்கும் இரண்டு தகடுகளை ஓர் ஊசியால் கோத்த கீலே வேண்டும். 1922-இல் கண்டறியப்பட்ட துட்டன்காமன் கல்லறையில், மூன்றாய் மடியும் பயணக் கட்டில் ஒன்று வெண்கலக் கீல்களோடு கிடைத்தது. உரோமர் தம் அலமாரிகளுக்கு எலும்பால் கீல் செய்தனர். குழல் போன்ற எலும்புத் துண்டுகளில் துளையிட்டு, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி முளையால் இணைத்தனர். பிற்காலத்தில் அத்துண்டுகளைத் தனித்தனியே கண்டெடுத்தோர், இவை புல்லாங்குழல்கள் என்றே நெடுநாள் எண்ணியிருந்தனர். ஓசையெழாதிருக்க வேண்டிய பொருளை இசைக் கருவியாய்க் கொண்ட வேடிக்கை இது.

பின்வந்த நூற்றாண்டுகளைச் சுருங்கக் கூறலாம். கீல் கொல்லன் உலையிலேயே நெடுங்காலம் இருந்தது. 1775-இல் இங்கிலாந்தில் வார்ப்பிரும்புக் கீலுக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது; அதன் பின்னரே அது ஆலைப் பண்டமாய் மலிந்தது. நம் நாட்டில் அலிகாரும் ராஜ்கோட்டும் இத்தொழிலில் பெயர் பெற்றன. 1947-இல் தோன்றி, 1987 முதல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் என்னும் பெயரில் இயங்கிவரும் நிறுவனம், எஃகுக் கீலுக்கு 1341 என்னும் எண்ணுடைய தரவிதியை வகுத்துள்ளது. விதி மில்லிமீட்டரில் பேசும். கடைக்காரரும் தச்சரும் இன்றளவும் மூன்றங்குலம், நான்கங்குலம் என்றே பேசுவர்.

இத்துணைக் காலமும் கீல் கண்ணுக்குப் புலப்படும் பொருளாகவே இருந்தது. அது கதவுக்குள் மறைந்தது இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில். அதற்குக் காரணம் அழகுணர்ச்சி மட்டுமன்று. போரும் வீட்டுப் பஞ்சமுமே முதற்காரணம் என்பது நம் கருத்து. 1926-இல் மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி என்னும் பெண் கட்டடக் கலைஞர் பிராங்க்பர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புக்கென ஓர் அடுக்களையை வகுத்தார். அகலம் ஏறத்தாழ 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். மாவுக்கும் அரிசிக்கும் சர்க்கரைக்கும் பெயர் பொறித்த அலுமினியப் பெட்டிகள் சுவரில் வரிசையாய் அமைந்தன. ஈக்கள் அணுகா என்று கருதி நீல வண்ணம் பூசினர். இத்தகைய அடுக்களைகள் ஏறத்தாழ 10,000 அந்நகரில் அமைந்தன. அளவெடுத்து, ஆலையில் செய்து, வீட்டில் பொருத்தும் அடுக்களை என்னும் எண்ணம் அங்கே உருப்பெற்றது.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் நகரங்கள் இடிந்தன. நல்ல மரம் கிட்டவில்லை. மரத்தூளையும் சீவலையும் பசையிட்டு அழுத்திய பலகையே மலிவாய்க் கிடைத்தது. அப்பலகையிடம் ஒரு குறை உண்டு. அதன் விளிம்பில் அடித்த திருகு பிடித்து நில்லாது. பழைய கீலோ விளிம்பில் திருகி நிற்பது. எனவே, கதவின் உட்புறத்து முகத்தில் வட்டக் குழி குடைந்து, அதனுள் கிண்ணம் போல் அமரும் கீல் தேவையாயிற்று. 1960-களில் இத்தாலியிலும் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் இக்கீல் பரவியது. ஆஸ்திரியாவின் ஃபோரால்பெர்க் பகுதியில் 1952-இல் குதிரை லாடத்துக்கான குமிழ்களைச் செய்யத் தொடங்கிய புளூம் என்னும் பட்டறை, 1964-இல் கீலுக்கு மாறியது. குதிரைகள் குறைந்தன; அடுக்களைகள் பெருகின. கிண்ணத்தின் விட்டம் 35 மில்லிமீட்டர் என்றும், அலமாரிச் சுவரின் துளைகள் 32 மில்லிமீட்டர் இடைவெளியில் என்றும் வழக்கம் நிலைபெற்றது. எந்நாட்டுக் கீலும் எந்நாட்டு அலமாரிக்கும் பொருந்தும் நிலை இதனால் வந்தது.

இக்கீலில் உள்ள வில் கதவைத் தானே இழுத்து மூடும். ஆனால், வில் இழுக்கும் கதவு அறைந்தே மூடும்; சோம்பலைப் போக்கிய கீல் ஓசையைப் போக்கவில்லை. அதற்கு மருந்தாக வந்தது தணிப்பான். சிறு உருளைக்குள் எண்ணெய் இருக்கும். அதனுள் ஒரு தண்டு செல்லும். கதவு மூடும்போது தண்டு எண்ணெயை நுண்ணிய வழியே தள்ளும். மெல்லத் தள்ளினால் எண்ணெய் இசைந்து வழிவிடும். வேகமாய்த் தள்ளினால் வேகத்துக்கேற்ப எதிர்த்து நிற்கும். ஸ்கூட்டரின் அதிர்ச்சித் தாங்கியிலும் அலுவலகக் கதவின் மேல் உள்ள கருவியிலும் தொழிற்படும் விதி இதுவே. புளூம் நிறுவனம் 2001-இல் இத்தணிப்பு முறையை அறிமுகம் செய்தது. பின்னர் அது கீலின் உள்ளேயே அடங்கும் அளவுக்குச் சிறுத்தது. சினத்தோடு அறைந்தாலும் கதவு கடைசி ஒரு சாண் தொலைவில் தயங்கி, நின்று, தானே சென்று அமர்கின்றது. கதவை அறைந்து கருத்தைத் தெரிவிக்கும் உரிமை இதனால் பறிபோயிற்று என்று நம் இல்லத்தில் ஒரு தரப்பு கூறுகின்றது.

இனி நம் வீட்டுப் பணிக்கு வருவோம். முதற்பிழை நம்முடையது. இக்கீலின் கை மூவகைப்படும். கதவு அலமாரிச் சுவரை முழுதும் மூடுமாயின் நேரான கை. இரு கதவுகள் ஒரே சுவரைப் பங்கிட்டுக் கொள்ளுமாயின் பாதி வளைந்த கை. கதவு சட்டத்துக்குள் அடங்குமாயின் முழுதும் வளைந்த கை வேண்டும். நம் கதவுகள் சட்டத்துக்குள் அடங்குபவை. இதனை அறியாது நேரான கையை வாங்கி வந்தோம். முதற்கதவு சட்டத்துக்கு வெளியே துருத்திக் கொண்டு நின்றது. கடைக்குத் திரும்பி மாற்றி வந்தோம். தச்சர் ஒன்றும் கூறவில்லை, தேநீர் மட்டும் கேட்டார்.

பிறகு அவர் பழைய திருகுத் துளைகளில் மரச்சிம்பைப் பசையிட்டு இறுக்கினார். 19 மில்லிமீட்டர்ப் பலகையில் 12 மில்லிமீட்டர் ஆழம் குடைந்தார். இதில் கைதவறின் கதவின் மறுபுறம் புடைத்துவிடும். ஆகவே, அவர் துரப்பணத்தில் வண்ண நாடாவைச் சுற்றி அடையாளமிட்டுக் கொண்டார். தொட்டியின் கீழிருந்த இரு கதவுகள் நீரில் ஊறிப் பருத்திருந்தன. "இதில் எந்தக் கீலும் நில்லாது" என்று கூறி அவற்றை ஒதுக்கிவிட்டார். நீர் தாங்கும் ஒட்டுப்பலகையில் புதுக்கதவு செய்ய நேர்ந்தது. கீலின் விலையினும் அச்செலவே மிகுந்தது. பழைய கீலை மாற்ற எண்ணும் நேயர்கள் முதலில் பலகையைத் தட்டிப் பார்ப்பது நலம். இறுதியில் கீலின் திருகுகளைத் திருகிக் கதவைப் பக்கவாட்டிலும் முன்பின்னும் மேலும் கீழும் நகர்த்தி நேராக்கினார். மூன்று அடி உயரம் வரையுள்ள கதவுக்கு இரண்டு கீல்கள் போதும். அதனினும் நெடியதற்கு மூன்று வேண்டும்.

அன்றிரவு முதல் அடுக்களை அமைதியாயிற்று. அண்டை வீட்டு அம்மையார் படிக்கட்டில் கண்டு புன்னகைத்தார். நான்காம் நாள் காலையில் நம் அன்னையார், "ஏன், இன்னும் அடுப்படியில் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லையா?" என்று அறைக்குள்ளிருந்து கேட்டார். காப்பி ஆறிக் கொண்டிருந்தது. எண்பதைக் கடந்த அவர்க்குப் பார்வை குறைவு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஊரை விட்டு இங்கு வந்தவர்க்கு இம்மாநகரின் மொழியும் தெரியாது, தெருவும் தெரியாது. வீட்டின் ஓசைகளைக் கொண்டே பொழுதை அறிந்து வந்தார். காப்பிப்பொடி வைத்த அலமாரிக் கதவு அறைந்தால் ஐந்து மணி. இன்னும் கால்மணியில் தம்ளர் வரும். பல் துலக்கிவிட்டுக் கட்டிலில் எழுந்து அமர்வார். மூன்று நாட்களாக ஒவ்வொரு காலையும் இருட்டில் படுத்தபடி அவ்வோசைக்குக் காத்திருந்தார் என்பதை நாம் அப்போதுதான் அறிந்தோம்.

தச்சரை மீண்டும் அழைத்தோம். இக்கீல்கள் சிலவற்றில் தணிப்பானை நிறுத்தி வைக்கச் சிறு நெம்பு ஒன்று உண்டு. காப்பிப்பொடி அலமாரியின் இரண்டு கீல்களிலும் அதனைத் தள்ளிவிட்டுச் சென்றார். இப்போது அக்கதவு வில்லின் இழுப்பில் 'டக்' என்று மூடுகின்றது. பழைய ஓசையில் கால்பங்குதான் இருக்கும். அண்டை வீட்டார் இதுவரை ஒன்றும் கூறவில்லை. அன்னையார் முதல் நாள் மட்டும் "இது என்ன சத்தம்?" என்று கேட்டார்.