கூகையின் மூளையில் ஒரு கறுப்பு வலை

1945இல் எலக்ட்ரான் நுண்ணோக்கி ஒரு முழுச் செல்லைப் படமெடுத்த கதையை இந்த வாரம் சொல்வதாக எழுதியிருந்தேன். அது அடுத்த வாரத்துக்குப் போகிறது. இத்தாலிக்காரர் ஒருவரைப் பார்க்காமல் அந்தப் படத்துக்குப் போனால் அதன் அருமை தெரியாது. பள்ளியில் படம் வரைந்து பாகம் குறித்தோமே, கோல்கி உறுப்பு. அந்தக் கமில்லோ கோல்கிதான் அவர்.

1843இல் கோர்தேனோ என்ற மலைக்கிராமத்தில் பிறந்த மருத்துவர் மகன். 1872இல் அப்பியாதேகிராஸோ ஊரில், தீராத நோயாளிகளுக்கான மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார். ஆய்வுக்கூடம் கிடையாது. சமையலறையை ஆய்வுக்கூடமாக மாற்றிக்கொண்டார். அந்தச் சமையலறையில் நடந்ததைப் பெரிய பல்கலைக்கழகங்களால் செய்ய முடியவில்லை.

மூளைத் திசுவைப் பொட்டாசியம் டைகுரோமேட்டில் நாள் கணக்கில் ஊறப்போட்டுக் கெட்டிப்படுத்துவார். பிறகு வெள்ளி நைட்ரேட் கரைசலில் போடுவார். மெல்லிய சீவல்களாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்தால், மஞ்சள் பின்னணியில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில நரம்பு செல்கள் மட்டும் கிளை, துணைக்கிளை, கடைசி இழை வரைக்கும் கன்னங்கரேலென்று நிற்கும். பக்கத்திலிருக்கும் நூற்றுக்கணக்கான செல்கள் நிறமே ஏறாமல் ஒதுங்கிவிடும். அப்படி ஒதுங்கியதால்தான் பிழைத்தோம். எல்லாம் கறுத்திருந்தால் அந்தக் காட்டில் ஒரு மரத்தையும் தனியாகப் பார்த்திருக்க முடியாது. 1873இல் வெளியான இதைத்தான் 'கறுப்பு வினை' என்றார் அவர்.

மலேரியாக் காய்ச்சல் முறைவைத்து வருவதற்கும் ரத்தச் சிவப்பணுக்களில் ஒட்டுண்ணி பெருகிப் பிளப்பதற்கும் உள்ள தொடர்பைக் கண்டு சொன்னவரும் இவரே. அதற்கே ஒரு தனித் தொடர் வேண்டும்.

1898இல் பாவியா நகரில், கூகையின் சிறுமூளைச் செல்களுக்கு மாற்றிய முறையில் வெள்ளி ஏற்றிப் பார்த்தபோது, உட்கருவைச் சுற்றி நுண்ணிய வலை ஒன்று தெரிந்தது. செல்லுக்குள்ளேயே இருக்கும் வலை. என்ன வேலை செய்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. இருப்பதை மட்டும் சொன்னார். உலகம் நம்பவில்லை. ரசாயனம் படிந்த கறை, சாயம் செய்த மாயம் என்று ஐம்பது ஆண்டுகள் வாதாடியது.

1906இல் நோபல் பரிசை ஸ்பெயினின் ரமோன் இ கஹாலுடன் பகிர்ந்துகொண்டார். கோல்கியின் சாயத்தையே எடுத்து, நரம்பு செல்கள் ஒவ்வொன்றும் தனித்தனி என்று நிறுவியவர் கஹால். எல்லாம் ஒரே பின்னல் என்று நம்பிய கோல்கி, பரிசு மேடையிலேயே கஹாலின் கொள்கையைத் தாக்கிப் பேசினார். என்னைப் பொறுத்தவரை இது பெருந்தன்மையற்ற செயல். சாயத்தைக் கண்டவரைவிட அதைச் சரியாகப் படித்தவரே இந்த வழக்கில் நாயகன். ஆனால் செல்லுக்குள் இருந்த வலை விஷயத்தில் கோல்கியே வென்றார், அதுவும் 1926இல் கண்மூடிய பிறகு.

வென்ற விதம்தான் அபாரம். 1949இல் அந்த வலை வெறும் மாயம் என்று எழுதியவர்களில் ஒருவர் ஜார்ஜ் பலாடே. 1950களில் எலக்ட்ரான் நுண்ணோக்கி, தோசைகளை அடுக்கினாற்போலத் தட்டையான சவ்வுப் பைகளைக் காட்டியது. 1960களில் அதே பலாடே, கினிப்பன்றியின் கணையச் செல்களுக்குக் கதிரியக்க அமினோ அமிலம் கொடுத்து, புதுப் புரதம் போகும் வழியைப் பின்தொடர்ந்தார். சொரசொரப்பான எண்டோபிளாச வலையில் உருவாகி, சிறு பைகளில் ஏறி, கோல்கி அடுக்குக்கு வந்து, பிறகுதான் வெளியேறப்போகும் துகள்களில் சேர்ந்தது. இல்லை என்று சொன்னவரே அதன் வேலையை நிரூபித்தார். 1974இல் அவருக்கும் நோபல். மறுத்ததை மாற்றிக்கொள்ளும் இந்தத் துணிச்சல் கோல்கிக்கு இல்லாமல் போனது.

புரதத்தில் சர்க்கரைக் கண்ணிகளைச் சேர்ப்பது, திருத்துவது, எது செல்லுக்கு வெளியே, எது லைசோசோமுக்கு என்று பிரித்தனுப்புவது, எல்லாம் இந்த அடுக்கின் வேலை. விலங்கு செல்லில் இது உட்கருவின் அருகே ஒன்றுகூடி நிற்கும். தாவர செல்லில் தனித்தனி அடுக்குகளாகச் சிதறிக் கிடக்கும். அங்கே செல் சுவருக்கான பெக்டினைத் தயாரிப்பதும் இதுவே. தாவர செல் பிரியும்போதும் இதுவே கைகொடுக்கிறது. விலங்கு செல் பிரியும்போது நடுவில் இறுகிச் சுருங்கி இரண்டாகும். சுவர் கட்டிய தாவர செல்லால் அப்படிச் சுருங்க முடியாது. வெங்காய வேர்நுனியில் ஒரு செல் பிரியும்போது கோல்கியிலிருந்து கிளம்பிய சிறு பைகள் நட்டநடுவில் வரிசைகட்டி, ஒன்றோடொன்று இணைந்து, புதுச் சுவரை உள்ளிருந்து வெளிநோக்கி எழுப்புகின்றன.

(தொடரும்)