காயல் துறையில் இறங்கிய குதிரைகள்

தாமிரவருணி கடலோடு கலக்கும் இடத்திற்கு அண்மையில் பழையகாயல் என்றோர் ஊர் உள்ளது. மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் வாழும் திருநெல்வேலிச் சீமையினர் பலர் அவ்வூரின் பெயரைக் கேட்டிருப்பர். எழுநூறு ஆண்டுகளுக்கு முன் அப்பகுதி பாண்டி நாட்டின் பெருந்துறையாக விளங்கியது. மார்க்கோ போலோ குறிப்பிடும் காயல் அவ்விடமே என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் கால்டுவெல் ஆராய்ந்து காட்டினார். அத்துறையில் வந்திறங்கிய சரக்குகளுள் விலைமிக்கது குதிரை. கடல் கடந்து வந்த அக்குதிரைகள் வந்தபின் என்ன ஆயின என்பதை இவ்வுரையிற் காண்போம்.

தமிழகம் குதிரை வளர்ப்புக்கு ஏற்ற நாடன்று. பரந்த புல்வெளிகளும் வறண்ட குளிர்காற்றும் இங்கே இல்லை. ஆதலால் சங்க காலந்தொட்டே நம்மவர் குதிரைகளைக் கடல்வழியே தருவித்தனர். காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் குதிரைகள் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை குறிக்கின்றது. குதிரை வாங்குவதற்கெனப் பாண்டியன் கொடுத்த பொருளுடன் புறப்பட்ட மாணிக்கவாசகர், திருப்பெருந்துறையிலே அப்பொருளைத் திருப்பணிக்குச் செலவிட்ட கதையை அறியாத தமிழர் இலர். அமைச்சரையே அனுப்பி வாங்க வேண்டிய அளவுக்கு அரசியலில் குதிரை முதன்மை பெற்றிருந்தது என்பதை அக்கதை உணர்த்துகின்றது.

1268இல் முடிசூடிய மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் இவ்வாணிகம் உச்சநிலையை அடைந்தது. அதனைப் பற்றி இரு வேற்று நாட்டார் எழுதி வைத்துள்ளனர். ஒருவர் வெனிசு நகரத்து மார்க்கோ போலோ. மற்றவர் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப். பாரசீக வளைகுடாவிலுள்ள கீஷ் தீவின் அதிபதி ஜமாலுத்தீன், தம் சொந்தக் குதிரைகளுள் 1,400ஐ ஆண்டுதோறும் பாண்டி நாட்டுக்கு அனுப்ப உடன்படிக்கை செய்துகொண்டார் என்கிறார் வஸ்ஸாப். குதிரை ஒன்றின் விலை 220 பொன் தினார். வழியில் இறந்த குதிரைக்கும் அவ்விலையைப் பாண்டியனே தருதல் வேண்டும். அதற்கு முந்திய தலைமுறையில், பாண்டி நாட்டுக்கும் கம்பாயத்துக்கும் பிற துறைகளுக்குமாக ஆண்டுக்குப் பதினாயிரம் குதிரைகள் சென்றன என்றும், அவற்றின் விலை 22 இலட்சம் தினார் என்றும் அவர் கணக்குக் காட்டுகின்றார்.

இத்துணைப் பொன் கொடுத்து வாங்கிய குதிரைகளின் கதி யாது? அரசன் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குவதாகவும், ஆண்டிறுதியில் அவற்றுள் நூறுகூட எஞ்சுவதில்லை என்றும் மார்க்கோ போலோ எழுதுகின்றார். அவர் கூறும் காரணங்களுள் முதலாவது, குதிரைகளைப் பேணத் தெரிந்தோர் இந்நாட்டில் இல்லை என்பது. இரண்டாவது, குதிரை மருத்துவமும் இலாடத் தொழிலும் அறிந்தவர் எவரும் இங்கு வந்து சேராதபடி வணிகர்கள் தடுத்து வந்தனர் என்பது. குதிரைகள் மாண்டால்தானே மறுபடியும் விற்க முடியும்!

வஸ்ஸாப் மேலும் விரிவாகச் சொல்கின்றார். வந்த குதிரைகளுக்குப் பச்சை வாற்கோதுமை கொடுப்பதில்லை. வறுத்த வாற்கோதுமையும், வெண்ணெயிட்டுச் சமைத்த தானியமும், காய்ச்சிய பசும்பாலும் கொடுத்தனர். கொழுக்க வேண்டுமென்று நாற்பது நாள் முளையடித்துக் கயிற்றாற் கட்டி வைத்தனர். பின்னர்ப் பழக்காமலே, அங்கவடி முதலிய கருவிகளுமின்றி, வீரர்கள் அவற்றின்மேல் ஏறி முரட்டுத்தனமாக ஓட்டினர். வலியும் விரைவும் மிக்க குதிரைகள் சின்னாளில் நலிந்து பயனற்றுப் போயின.

வேற்று நாட்டார் கூற்றில் மிகை கலந்திருக்கலாம். ஆயினும் அவர்கள் சொல்லும் செய்திகள் இற்றைக் கால்நடை மருத்துவத்தோடு வியப்பூட்டும் அளவிற்குப் பொருந்துகின்றன. குதிரை அசைபோடும் விலங்கன்று. அதன் இரைப்பை சிறியது. நார்மிக்க புல்லைச் சிறிது சிறிதாக நாளெல்லாம் மேய்ந்து, பின்குடலில் நொதிக்கச் செய்து செரிக்கும் உடலமைப்பு உடையது. அத்தகைய விலங்குக்கு மாப்பொருள் மிக்க தீனியைத் திடீரென மிகுதியாகக் கொடுத்தால் குடலில் அமிலம் பெருகும். வயிற்றுச் சூலை வரும். அதன் நஞ்சு குளம்பின் உட்சதையைத் தாக்கி, நிற்கவும் இயலாத வேதனையைத் தரும். நடையின்றிக் கட்டிப்போடுவது இத்தீங்கினை வளர்க்கும். ஈரமும் வெப்பமும் மிக்க கடற்கரையில் சில குதிரைகளுக்கு வியர்வையே நின்றுவிடும். உடற்சூடு தணியாமல் அவை தளர்ந்துபோகும். கடிக்கும் ஈக்கள் பரப்பும் சுர்ரா என்னும் நோயும் உண்டு. அதற்குக் காரணமான நுண்ணுயிரியை 1880இல் பஞ்சாபில் கிரிபித் எவான்ஸ் கண்டறிந்தார். பாண்டியரின் இலாயங்களை வறுமை அழிக்கவில்லை. அன்போடு ஊட்டிய நெய்யும் சோறும் அவற்றை அழித்தன எனலாம்.

அங்ஙனமாயின் நம் நாட்டில் பரிநூலே இல்லையோ? இருந்தது. சாலிகோத்திரர் பெயரால் வழங்கும் குதிரை மருத்துவம் மிகத் தொன்மையானது. நகுலன் இயற்றியதாகக் கூறப்படும் அசுவ சாத்திரம் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகத்தில் படங்களோடு கூடிய சுவடியாக உள்ளது, 1952இல் அச்சேறியது. திருவரங்கத்துச் சேஷராயர் மண்டபத் தூண்களிலே பாய்ந்தெழும் குதிரைகளைக் காண்போர், கடிவாளத்தையும் வார்களையும் சிற்பி எவ்வளவு நுணுக்கமாக அறிந்திருந்தான் என்று வியப்பர். மொழியிலும் இவ்வாணிகத்தின் சுவடு பதிந்துள்ளது. சவாரி, லகான், ஜீனி என்பன பாரசீகத்தினின்றும் வந்த சொற்கள். குதிரை வீரனைக் குறித்த இராவுத்தர் என்னும் சொல் தமிழ் முஸ்லிம்களில் ஒரு சாராரின் பெயராகவே நிலைத்துவிட்டது. நூல் இருந்தது, சொல் வந்தது. ஆயின் அந்நூலறிவு, நாள்தோறும் இலாயத்தில் புல்லிட்டுக் குளம்பு துடைத்த கைகளைச் சென்றடையவில்லை. ஒரு குதிரையின் விலைக்கு எத்தனையோ பேரைப் பயிற்றியிருக்கலாம். மாறாக, ஆண்டுதோறும் புதிய குதிரைகளையே வாங்கினர். 1311இல் மாலிக் காபூர் தெற்கிலிருந்து மீண்டபோது ஐயாயிரம் குதிரைகளைக் கொண்டு சென்றதாக அமீர் குஸ்ரு எழுதுகின்றார். பொன்னைக் கொட்டிச் சேர்த்த பரிப்படை நாட்டைக் காக்கவில்லை.

நாம் வாழும் இந்நகரின் வரலாறும் இதனோடு ஒப்பிடத் தக்கது. 1874 மே 9ஆம் நாள் பம்பாயில் குதிரை டிராம் ஓடத் தொடங்கியது. அதனை நடத்திய நிறுவனம் 900 குதிரைகளோடு பணியைத் தொடங்கிற்று. அதன்பின் பல ஆண்டுகள் இந்நகர மக்களைக் குதிரைகளே இழுத்துச் சென்றன. ஆனால் இங்கே பேணும் கல்வியும் உடன் வளர்ந்தது. பரேலில் பாய் சக்கர்பாய் தின்ஷா பெட்டிட் பெயரால் விலங்கு மருத்துவமனை எழுந்தது. அதனையொட்டி 1886இல் பம்பாய்க் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கப் பெற்றது. சென்னை வேப்பேரியில் இத்தகைய கல்லூரி 1903இல் அமைந்தது. காயல் வணிகர் மறைத்து வைத்த கலை இவ்வாறு எவரும் கற்கும் பாடமாயிற்று.

ஆயினும் கல்லூரி இருந்தால் மட்டும் போதாது. இந்நகரத்து விக்டோரியா வண்டிகளைக் கேளிக்கைச் சவாரிக்கு ஓட்டுவது சட்டத்திற்குப் புறம்பானது என்று 2015 ஜூனில் மும்பை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்து, ஓராண்டுக்குள் அவற்றை நிறுத்தும்படி ஆணையிட்டது. இடமும் தூய்மையும் போதாத இலாயங்களும், கல்லும் தாருமான சாலையில் குதிரைகள் பட்ட துன்பமும் அவ்வழக்கின் உட்பொருள். மறுபுறம், பிழைப்பிழந்த வண்டிக்காரர் குடும்பங்களின் துயரும் உண்மையானதே.

மகாலட்சுமித் திடலில் 1942 முதல் இயங்கிவரும் அமெச்சூர் ரைடர்ஸ் கிளப் போன்ற இடங்களில் இன்று நம் பிள்ளைகளும் குதிரையேற்றம் பயில்கின்றனர். அவர்கள் முதலிற் கற்க வேண்டியது ஏறும் வித்தையன்று. ஏறுமுன்னும் இறங்கிய பின்னும் நான்கு குளம்புகளையும் தூக்கிக் கல்லும் சேறும் நீக்குதல் வேண்டும். ஏறத்தாழ ஆறு வாரத்திற்கொரு முறை குளம்பு செதுக்கி இலாடம் மாற்றுதல் வேண்டும். தூய நீர் எப்போதும் அருகில் இருத்தல் வேண்டும். புல்லே முதல் உணவு. கொள்ளும் பிற தானியமும் வேலைக்கேற்பச் சிறிது சிறிதாகக் கொடுக்கத் தக்கவை. தீனியை மாற்றுவதாயின் பல நாட்களிற் படிப்படியாக மாற்றுதல் வேண்டும். சேணம் முதுகெலும்பின்மேல் அழுந்தாமல் இருபுறத் தசைகளின்மேல் அமர வேண்டும். சேணத்தின்கீழ் ஒரு மண்துகள் இருப்பினும் புண்ணாகும். வயிற்றுவாரைப் படிப்படியாக இறுக்குக. ஒரு குதிரைக்குப் பொருந்திய சேணம் மற்றொன்றுக்குப் பொருந்தும் என்று எண்ணற்க. ஓடி வந்த குதிரையை உடனே கட்டாமல், மூச்சுத் தணியும் வரை நடத்திச் செல்க.

இவையெல்லாம் சிறு வேலைகள். பெரிதும் சாயிஸ் என்னும் குதிரைக்காரரே நாள்தோறும் செய்பவை. குதிரையின் உயிர் அவர் கையில் உள்ளது. அவருக்குத் தக்க ஊதியமும் தொழிற்கல்வியும் மதிப்பும் கொடுத்த இலாயத்தில் குதிரை நெடுநாள் வாழ்கின்றது. பாண்டியர் பொன்னும் செய்ய இயலாத காரியம் அது.