முதல் நெடுந்தூர ஓட்டமும் அதற்கு முந்திய பயிற்சியும்

மாரி மழை ஓய்ந்து, மாசி, பங்குனி வெயில் மெல்ல ஏறும் காலம் மட்டக்களப்பு நாட்டிலே பாடசாலை விளையாட்டுப் போட்டிகளின் காலமாகும். வாழைச்சேனையிலும் அதனை அடுத்த ஊர்களிலும் இல்லங்களின் நிறக்கொடிகள் மைதானத்தில் ஏறுமுன்பே, 'மரதன்' என்னும் பெயரால் நெடுந்தூர ஓட்டமொன்று ஊர்வீதிகளில் நடந்தேறுவது வழக்கம். உண்மையான மரதனின் தூரம் 42.195 கிலோமீற்றர். வாழைச்சேனையிலிருந்து ஓடி மட்டக்களப்பு நகரை அடைந்தவரும், மேலும் பத்துக் கிலோமீற்றரளவு ஓடினாலன்றி அத்தூரத்தை நிறைவு செய்யார். பாடசாலை ஓட்டங்கள் அதனினும் பன்மடங்கு குறுகியவை. ஆயினும் வாழ்நாளில் முதன்முறையாக ஓட வருபவனுக்கு ஐந்து கிலோமீற்றரும் பெருந்தூரமே. அத்தகையவன் எவ்வாறு ஆயத்தஞ் செய்தல் வேண்டும் என்னும் வினாவுக்கு உலகம் எளிதில் விடை கண்டுவிடவில்லை. வெற்றிகளினூடே மட்டுமன்றி, உயிரிழப்புக்களினூடேயும் பெற்ற அறிவு அது.

மரதன் என்றதும் கிரேக்கத் தூதன் ஒருவனின் கதை நினைவுக்கு வரும். கி.மு. 490 இல் மரதன் வெளியிலே பாரசீகப் படை தோற்ற செய்தியை அதென்சு நகருக்கு ஓடிவந்து உரைத்து, உரைத்த அக்கணமே அவன் உயிர்நீத்தான் என்பர். போர் நிகழ்ந்த நூற்றாண்டிலேயே வரலாறு எழுதிய எரொடோட்டசு இதனைக் கூறவில்லை. உதவி கோரி அதென்சிலிருந்து இசுபாட்டாவுக்கு ஓடிய தூதன் ஒருவனைப் பற்றியே அவர் எழுதினார். உயிர்விட்ட கதை பல நூற்றாண்டுகள் கழித்து எழுதியோர் வாயிலாக வந்தது. ஓடி மடிவதே வீரம் என்னும் எண்ணத்தை உலகிற் பரப்பியதும் அக்கதையே. பயிற்சியின் வரலாறோ இதற்கு நேர்மாறானதைப் போதிக்கின்றது.

1896 இல் அதென்சில் ஒலிம்பிக் விழா மீண்டும் தொடங்கியபோது, மிசேல் பிரேயல் என்னும் பிரெஞ்சு அறிஞரின் யோசனைப்படி மரதன் ஓட்டம் சேர்க்கப்பட்டது. தூரம் ஏறத்தாழ 40 கிலோமீற்றர். புறப்பட்டோர் 17 பேர். அவருள் ஒருவர் அவுஸ்திரேலியரான எட்வின் பிளாக். 800 மீற்றரிலும் 1500 மீற்றரிலும் அவ்விழாவிலேயே முதலிடம் பெற்றவர் அவர். ஆயினும் அத்துணை நீண்ட தூரத்தை அதற்குமுன் அவர் ஓடியதில்லை. முடிவெல்லைக்குச் சில கிலோமீற்றர் இருக்கையிலே தள்ளாடி வீழ்ந்தார். வென்றவர் மரூசி என்னுஞ் சிற்றூரில் நீர் சுமந்து விற்றுப் பிழைத்த ஸ்பைரிடன் லூயிஸ். அவர் தொடக்கத்தில் முன்னணியில் ஓடியவரல்லர். ஆனால் கிரேக்கர் அவ்விழாவுக்கு முன்னரே அதே வழியில் தேர்வு ஓட்டங்களை நடத்தியிருந்தனர். லூயிஸ் அவற்றில் ஓடிப் பழகியவர். வேகம் ஒருவருக்கு இருந்தது. தூரத்தின் அறிமுகம் மற்றவருக்கு இருந்தது. நெடுந்தூரத்தில் எது பயன்பட்டது என்பதை அன்றைய முடிவு காட்டியது.

அப்பாடத்தை உலகம் விரைவிற் கற்றதா என்றால், இல்லை. 1904 இல் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் நடந்த ஒலிம்பிக் மரதன் கடும் வெயிலிலும் புழுதியிலும் நடைபெற்றது. வழியிலே தண்ணீர் கிடைத்த இடங்கள் மிகச் சில. புறப்பட்ட 32 பேரில் 14 பேரே முடித்தனர். ஓடுபவர் நீர் அருந்தலாகாது என்பதே அக்காலத்தில் பலரும் கொண்டிருந்த கருத்து. 1912 இல் சுவீடனின் ஸ்ரொக்கோம் நகரில் நிகழ்ந்ததோ இன்னுங் கொடிது. போர்த்துக்கேய வீரர் பிரான்சிஸ்கோ லாசரோ, ஏறத்தாழ 30 கிலோமீற்றர் ஓடியபின் வெப்பத்தால் வீழ்ந்து மறுநாள் இறந்தார். தோலின்மீது அவர் பூசியிருந்த கொழுப்பு வியர்வையைத் தடுத்ததென்பர். வியர்வை ஆவியாகும்போதே உடலின் சூடு தணிகின்றது. அவ்வழி அடைபட்டால், அல்லது காற்றிலே ஈரப்பதன் மிகுந்து வியர்வை உலராதிருந்தால், உள்வெப்பம் உயர்ந்துகொண்டே செல்லும்.

இவை தொலைநாட்டுப் பழங்கதைகள் என்று தள்ளிவிடுவதற்கில்லை. 2024 மார்ச் மாதத்தில், கிழக்கு மாகாணத்திலேயே, பாடசாலை மரதன் ஓட்டமொன்றிற் பங்குபற்றிய மாணவர் ஒருவர் உயிரிழந்தார். ஒரு மரணத்திற்கு அமையும் காரணங்கள் பல. அவற்றை ஆராய்தல் உரியோர் கடமை. ஆனால் கடலும் வாவியும் சூழ்ந்து, காற்றில் ஈரம் மிக்க ஒரு நாட்டில், முதன்முறையாக ஓடும் பிள்ளைகளை எவ்வாறு ஆயத்தஞ் செய்கிறோம் என்னும் கேள்வியை அத்துயரம் ஒவ்வொரு பாடசாலையின் வாயிலிலும் நிறுத்திச் சென்றது.

ஆயத்தம் என்பது யாது? அதற்கு விடை தந்தவருள் முதன்மையானவர் செக்கோசிலோவாக்கிய வீரர் எமில் சாட்டோபெக். அவர் சிலின் நகரிலுள்ள காலணித் தொழிற்சாலையில் வேலை செய்த இளைஞர். 1941 இல் தொழிற்சாலையார் நடத்திய ஓட்டமொன்றில் ஓடுமாறு பணிக்கப்பட்டபோது, தம்மால் இயலாதென மறுத்தார். மறுப்பு ஏற்கப்படவில்லை. வேண்டாவெறுப்பாக ஓடி இரண்டாமிடம் பெற்றார். அதன்பின் அவர் தமக்கென ஒரு முறையை வகுத்துக்கொண்டார். 400 மீற்றரை விரைந்து ஓடுவது, பின் சிறிது மெல்ல ஓடி மூச்சைச் சீர்செய்வது, மீண்டும் விரைவது என, அதனை ஒரே நாளில் பன்முறை செய்தார். 1952 எல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீற்றரிலும் 10,000 மீற்றரிலும் வென்றபின், அதுவரை ஒருமுறையேனும் ஓடியிராத மரதனிலும் இறங்கி, 2 மணி 23 நிமிடங்களில் முதல்வரானார். முதல் மரதனிலேயே வெற்றி என்று வியப்போர், அதன் பின்னே நின்ற பத்தாண்டு உழைப்பை மறந்துவிடுகின்றனர்.

சாட்டோபெக்கின் கடும்பயிற்சி எல்லார்க்கும் ஏற்றதன்று. சாதாரண மனிதனுக்கு வழி காட்டியவர் நியூசிலாந்தைச் சேர்ந்த ஆதர் லிடியார்ட் என்னுங் காலணித் தொழிலாளி. இளமையில் தம்மைத் திடகாத்திரர் என எண்ணியிருந்த அவர், நண்பர் ஒருவருடன் ஐந்து மைல் ஓட முயன்று களைத்துச் சோர்ந்தார். அச்சோர்வே அவரது ஆராய்ச்சியின் தொடக்கமாயிற்று. தம் உடலையே சோதனைக்களமாக்கிப் பல்லாண்டு ஓடிப் பார்த்து, ஓர் உண்மையைக் கண்டார். முதலிற் பலமாதம் மெல்ல, நெடுந்தூரம் ஓடி அடித்தளம் இடல் வேண்டும். வேகப்பயிற்சி அதன் பின்னரே. 1960 இல் உரோம் ஒலிம்பிக்கில் அவருடைய மாணவர்களான பீட்டர் சினெல், மரே ஆல்பேர்க் இருவரும் ஒரே நாளில் தங்கப்பதக்கம் வென்றபோது உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது.

அவரது பெருந்தொண்டு அதன் பின்னரே நிகழ்ந்தது. 1960களின் தொடக்கத்தில் ஓக்லண்ட் நகரில் நடுவயதினரையும் இருதய நோய் கண்டு தேறியவரையும் சேர்த்து மெல்லோட்டம் பழக்கினார். அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மன் அங்கு சென்று அவர்களோடு ஓடியபோது, எழுபது வயதைக் கடந்த, மாரடைப்பிலிருந்து மீண்ட முதியவர் ஒருவர் அவருக்காகத் தம் வேகத்தைக் குறைக்க வேண்டியதாயிற்று. நாணமும் வியப்பும் கொண்டு நாடு திரும்பிய பவர்மன், 1967 இல் மெல்லோட்டம் பற்றி மருத்துவர் ஒருவருடன் இணைந்து நூலெழுதினார். உலகெங்கும் சாதாரண மக்கள் வீதிகளில் ஓடத் தொடங்கியமைக்கு அது ஒரு காரணம்.

பெண்கள் இவ்வாய்ப்பைப் பெற நெடுங்காலம் காத்திருந்தனர். 1928 இல் பெண்களுக்கான 800 மீற்றர் ஓட்டத்தின் முடிவில் வீராங்கனைகள் பலர் மயங்கி வீழ்ந்தனரெனச் செய்தித்தாள்கள் மிகைப்படுத்தின. அதன் விளைவாக அவ்வோட்டம் 1960 வரை ஒலிம்பிக்கில் இடம்பெறவில்லை. பெண்கள் மரதன் சேர்க்கப்பட்டது 1984 இலேயே. இன்று பெண்பிள்ளைகளுக்கு நெடுந்தூரம் ஆகாது எனக் கூறுவார் உளரெனின், அவர் அப்பழஞ்செய்தியையே அறியாமல் திருப்பிச் சொல்கின்றனர்.

இவ்வரலாற்றிலிருந்து முதன்முறை ஓடுபவன் கொள்ளத்தக்கது யாது? உடல் மெல்லக் கற்கும் மாணவன் என்பதே. சில வாரப் பயிற்சியால் இருதயம் ஒரு துடிப்பில் அனுப்பும் குருதியின் அளவு கூடும். தசைகளில் நுண்குழாய்கள் பெருகும். எலும்பும் தசைநாணும் உறுதிபெறவோ இன்னும் நீண்டகாலம் வேண்டும். மூச்சு இடங்கொடுக்கிறதே என்று தூரத்தை மடமடவெனக் கூட்டுபவன் முழங்காலிலும் கணுக்காலிலும் நோவெடுத்து அமர்வது இதனாலேயே. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்னும் பழமொழி இங்கே உடற்கூற்று நூலின் உண்மையாகின்றது.

ஆதலின், ஐந்து கிலோமீற்றர் ஓட விரும்பும் புதியவன் இரண்டு அல்லது மூன்று மாதங்களுக்கு முன்னரே தொடங்குதல் நன்று. வாரத்தில் மூன்று நாள் போதும், இடைநாட்கள் ஓய்வுக்குரியன. முதல் வாரங்களில் ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடப்பதும், பின்னர் ஓட்டத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி நடையைக் குறைப்பதும் முறை. வேகத்தை அளக்கக் கடிகாரமும் வேண்டுவதில்லை. பக்கத்தில் ஓடும் தோழனோடு முழு வாக்கியம் பேச முடியுமாயின் வேகம் சரியானது. சொற்கள் துண்டுபடுமாயின் அது மிகை. நோய் உடையவரும் நெஞ்சுவலியோ மயக்கமோ கண்டவரும் மருத்துவரைக் காணாது தொடங்கலாகாது.

வாழைச்சேனையில் இதற்கேற்ற நேரம் எதுவென மீனவரைக் கண்டே அறியலாம். தோணிகள் வாவிக்குச் செல்லும் வைகறையும், வெயில் சாய்ந்த மாலையுமே ஓட்டத்திற்குரியன. கச்சான் வீசும் ஆண்டின் நடுப்பகுதியில் இவ்வெச்சரிக்கை மேலும் வேண்டும். வெப்பத்துக்கு உடல் பழக ஏறத்தாழ இரண்டு வாரம் செல்லும். தாகத்துக்கேற்ப நீர் அருந்துக. அளவு கடந்து அருந்துவதும் தீங்கே. காலணி இல்லாமை குறையாகாது என்பதற்கு, 1960 இல் உரோம் வீதிகளில் வெறுங்காலுடன் ஓடி மரதனை வென்ற எத்தியோப்பியரான அபேபே பிக்கிலா சான்று. ஆனால் அப்பாதங்கள் நெடுநாட் பயின்றவை. ஒரேநாளிற் காலணியைக் கழற்றி எறிந்தவன் அவரைப் போலாகான்.

இறுதியாக நினைவுகூரத்தக்கவர் இலங்கையரே ஒருவர். 1964 ஒக்டோபர் 14 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கின் 10,000 மீற்றர் ஓட்டத்தில் அமெரிக்கரான பில்லி மில்ஸ் 28 நிமிடம் 24.4 செக்கனில் வென்றார். ஏனையோரும் முடித்து அகன்றபின், 67 என்னும் இலக்கமணிந்த இராணுவ வீரர் ரணதுங்க கருணானந்த தனியராய்ச் சுற்றிக்கொண்டிருந்தார். முதலில் நகைத்த கூட்டம், அவர் விடாது ஓடுவதைக் கண்டு மௌனமாயிற்று. பின்பு எழுந்து நின்று ஆரவாரித்தது. 34 நிமிடம் 21.2 செக்கனில் அவர் எல்லையைத் தொட்டார். வென்றவருக்கும் அவருக்கும் இடையே ஏறத்தாழ ஆறு நிமிடங்கள். யப்பானியப் பிள்ளைகளின் பாடநூலில் இடம்பெற்றது அக்கடைசி மனிதனின் கதை.

அக்கதையைத் தவறாகப் பொருள்கொள்ளுதலும் கூடாது. கருணானந்த பயிற்சியின்றி வந்தவரல்லர். 25 சுற்றுக்களும் தம்மால் இயலுமென அறிந்த உடலோடு வந்தவர். விடாமுயற்சி புகழுக்குரியது, ஆயத்தமில்லாப் பிடிவாதம் ஆபத்துக்குரியது. இவ்விரண்டின் வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு உணர்த்துவது பெற்றோரும் ஆசிரியரும் ஏற்கவேண்டிய பொறுப்பு. கடைசியாக வருபவனுக்கும் கைதட்டும் ஊரும், களைத்தவனை நிறுத்தி நிழலில் அமர்த்தும் ஆசிரியரும், வெயில் கடுமையெனில் ஓட்டத்தையே ஒத்திவைக்கும் துணிவும் எங்குளவோ, அங்கே முதல் ஓட்டம் இறுதி ஓட்டமாகாது.