போலி இல்லீங்க, நகல்!

யவனர், மிளகு, தங்கம். ரோமானியக் காசுன்னு பேச்செடுத்தாலே நம்ம ஆளுங்க இந்த மூணையும் வரிசையா சொல்லிட்டு அடுத்த வேலையப் பார்க்கப் போயிடுவாங்க. ஆனா ரோம்ல அடிக்காத 'ரோமானியக்' காசுன்னு ஒரு வகை இருக்கு. பகல்ல பொட்டி தட்டிட்டு ராத்திரியில பழங்காசுப் புத்தகத்தப் புரட்டுற எனக்கு அசல விட இதுதான் சுவாரசியமா தெரியுது. அதைப் பத்திதான் இந்தப் பதிவு.

நகலைக் கண்டுபிடிக்கணும்னா முதல்ல அசல் எப்படி இருக்கும்னு தெரியணும். இந்தியாவுல கிடைச்ச ரோமானிய வெள்ளிக்காசுகள்ல (டினாரியஸ்) ரெண்டு வகைதான் ரொம்ப அதிகம். முதல் வகை அகஸ்டஸ் காசு. தலைப் பக்கம் பேரரசர், பூப் பக்கம் அவரோட வாரிசுகளான கையஸ், லூசியஸ் ரெண்டு பேரும் கேடயம், ஈட்டியோட நிப்பாங்க. ரெண்டாவது டைபீரியஸ் காசு. பூப் பக்கம் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாங்க, சுத்தி 'போன்டிஃப் மாக்சிம்'னு எழுதியிருக்கும். தலைமைப் பூசாரின்னு அர்த்தம், அதுவும் பேரரசரோட பட்டம்தான். எடை 3.8 கிராம் பக்கம் இருக்கும்.

ஏன் இந்த ரெண்டு மட்டும் இவ்வளவு? கி.பி. 64 வாக்குல நீரோ ஒரு வேலை பண்ணினார். ஒரு ரோமானிய ராத்தல் வெள்ளியில 84 காசு அடிச்சுட்டிருந்ததை 96 ஆக்கிட்டு, வெள்ளியோட தரத்தையும் குறைச்சுட்டார். நம்ம ஊர் வியாபாரி என்ன இளிச்சவாயனா? பழைய காசாவே கொண்டான்னு கேட்டிருப்பான். நீரோவுக்கு அப்புறமும் பழைய காசுகளைத் தேடிப் பொறுக்கி இங்க அனுப்பியிருக்காங்கன்னு ஆய்வாளர்கள் பலரும் சொல்றது இதனாலதான். டைபீரியஸ் காசு கிடைச்ச இடத்துல டைபீரியஸ் காலத்துலயே வியாபாரம் நடந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது.

இப்ப நகலுக்கு வருவோம். ஒரு பொற்கொல்லர் முன்னாடி இந்தக் காசை வச்சு 'இதே மாதிரி அச்சு வெட்டுங்க'ன்னா என்ன ஆகும்? உருவத்தை ஓரளவு கொண்டு வந்துடுவார். எழுத்துலதான் மாட்டுவார். அவருக்கு லத்தீன் தெரியாது. அவர் கண்ணுக்கு அது எழுத்தே இல்ல, ஓரத்துல ஓடுற அலங்காரம். அதனால நகல்ல எழுத்தெல்லாம் வெறும் குச்சியும் வட்டமுமா மாறிடும். அந்த நகலைப் பார்த்து இன்னொருத்தர் வெட்டினா இன்னும் மோசம். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்த கதைதான் :-)

அடுத்த தடயம் திசை. காசுல தெரியறதை அப்படியே அச்சுல வெட்டினா, அடிக்கும்போது இடம் வலமா மாறித்தான் விழும். சில நகல்கள்ல உருவம் கண்ணாடியில பார்த்த மாதிரி திரும்பியிருக்கறது இப்படித்தான். தலைப் பக்கம் ஒரு பேரரசர், பூப் பக்கம் வேற பேரரசரோட படம்னு கலந்து கட்டி அடிச்சதும் உண்டு.

தங்கத்துல வேற கதை. ரோமானியத் தங்கக் காசுலயும் அதோட இந்திய நகல்லயும் தலைக்கு மேல ரெண்டு ஓட்டை போட்டிருக்கறதை அடிக்கடி பார்க்கலாம். கோத்துக் கழுத்துல போட்டுக்கத்தான். நம்ம காசுமாலை நினைவுக்கு வருதா? தங்கம் வாங்க வசதி இல்லாதவங்களுக்கு மண்ணுலயே செஞ்சிருக்காங்க. தெலங்கானாவுல இருக்கற கொண்டாபூர், ஒடிசாவுல இருக்கற சிசுபால்கர் அகழாய்வுகள்ல ரோமானியக் காசைப் பார்த்துச் செஞ்ச சுடுமண் பதக்கங்கள் கிடைச்சிருக்கு. மண் காசை வச்சு யாரையும் ஏமாத்த முடியாது. அப்ப அதை எப்படிங்க கள்ளக்காசுன்னு சொல்றது?

எனக்கு ரொம்பப் பிடிச்சது இலங்கைதான். அங்க 4, 5ஆம் நூற்றாண்டு ரோமானியச் செப்புக் காசுகள் ஆயிரக்கணக்குல கிடைச்சிருக்கு. ரொம்பப் பொடிக் காசு, ஒரு கிராம் பக்கம்தான் வரும். கூடவே உள்ளூர்ல செஞ்ச நகல்களும் ஏராளம். கோடிரிங்டன் 1924ல வெளியிட்ட இலங்கை நாணய நூல்லயே இதையெல்லாம் விவரிச்சிருக்கார். கொடி பிடிச்ச சிப்பாய்கள், சிலுவைன்னு அசல்ல இருந்த சின்னங்கள் நகல்ல வெறும் கோடாத் தேய்ஞ்சு நிக்கும். பொடிச் செம்பை நகல் எடுத்து யாரும் கோடீஸ்வரன் ஆக முடியாது. சந்தையில சில்லறை தேவைப்பட்டிருக்கு, வெளியிலிருந்து வந்தது போதல, இவங்களே அடிச்சுக்கிட்டாங்கன்னுதான் தோணுது.

இதுல ஒரு வேடிக்கை. கிளாடியஸ் காலத்துல கப்பல் திசைமாறி இலங்கையில ஒதுங்கின ஒருத்தர் கதையை பிளினி எழுதியிருக்கார். அவர்கிட்ட இருந்த டினாரியஸ் காசுகள்ல வேற வேற தலை இருந்தும் எடை ஒரே மாதிரி இருக்கறதைப் பார்த்து அங்கிருந்த ராஜா அசந்துட்டாராம். சில நூற்றாண்டு கழிச்சு அதே தீவுல எடை, எழுத்து எதைப் பத்தியும் கவலைப்படாம ரோமானியக் காசு அடிச்சிருக்காங்க!

நம்ம பக்கமும் கரூர், மதுரையில கிடைச்ச பிற்கால ரோமானியச் செப்புக் காசுகளைப் பத்தி இரா. கிருஷ்ணமூர்த்தி 1994ல தனிப் புத்தகமே போட்டார். கரூர்ல கிடைச்ச இன்னொண்ணு இன்னும் அருமை: மாக்கோதை வெள்ளிக்காசு. தலை ரோமானியப் பேரரசர் காசு பாணி, ஆனா மேல தமிழ் பிராமியில 'மாக்கோதை'ன்னு சேர மன்னன் பேரு. இங்க எழுத்து குச்சியா சிதையல, நம்ம எழுத்தாவே மாறிடுச்சு. நகல் எடுக்கறதுக்கும் கத்துக்கிட்டு சொந்தமா செய்யறதுக்கும் இருக்கற வித்தியாசம் இதுதான்.

இவ்வளவு நீட்டி முழக்கக் காரணம் இருக்கு. எழுத்து சரியில்ல, எடை குறையுதுன்னா 'டுபாக்கூர்'னு சொல்லி எடைக்குப் போட்டுடறோம். அசல் காசு ரோமைப் பத்தி சொல்லும், அது ஏற்கனவே புத்தகம் புத்தகமா இருக்கு. நகல்தான் நம்ம கொல்லரையும் நம்ம சந்தையையும் பத்தி சொல்லும், அதுக்கு வேற சாட்சி ரொம்பக் கம்மி. உருக்கிட்டா போச்சு.

நேத்து வார்ப்புல ஊத்தி இன்னிக்கு சுற்றுலாப் பயணி தலையில கட்டற காசு வேற ஜாதி. விளிம்புல ஒட்டுக் கோடு, மேல பொடிப் பொடியா காத்துக்குமிழ் இருந்தா பெரும்பாலும் அதுதான்.

ஊர்ல கிணறு வெட்டும்போதோ ஆத்து மணல்லயோ இப்படி ஏதாவது சிக்கினா தேய்ச்சுப் பளபளப்பாக்காதீங்க. எந்த இடம், என்ன ஆழம், கூட என்ன இருந்துச்சுன்னு முதல்ல எழுதி வைங்க. 1878ஆம் வருஷப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்குத் தெரியப்படுத்தணும், அதையும் மறந்துடாதீங்க. எழுத்து புரியலையேன்னு தூக்கிப் போடறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிங்க மக்களே. அதை வெட்டினவருக்கும்தான் அது புரியல :-)